பரண் வீட்டின் பன்னிரண்டு அடி

வீடு பார்க்கப் போகிறவர்கள் முகப்பைப் பார்ப்பார்கள், எத்தனை அறை என்று கேட்பார்கள், சமையற்கட்டை எட்டிப் பார்ப்பார்கள். அகலம் எவ்வளவு என்று கேட்பவர் அரிது. பெரிய வீட்டில் அதைக் கேட்க வேண்டியதுமில்லை. இரண்டடி கூடினாலும் குறைந்தாலும் ஓர் அலமாரி இடம் மாறும், அவ்வளவுதான். மேலே பரண் வைத்த ஒரு சின்னப் பலகை வீட்டில் கதையே வேறு. கூரை எவ்வளவு உயரும், பரணில் ஆள் நிமிர்ந்து நடக்க முடியுமா, விட்டம் எத்தனை கனம், ஏணிப்படி எங்கே முடியும், சாரல் எங்கே நிற்கும் என்று எல்லாமே அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிறக்கின்றன. அந்த எண் சரியாக வாய்த்த வீட்டைப் பார்ப்பதே ஒரு சுகம்.

அப்படி வாய்த்த வீடு ஒன்று உலு யாமில் இருக்கிறது. பத்தாங் காலி பக்கமிருந்து வரும் சாலையை விட்டு ஒதுங்கி, டுரியான் மரங்களுக்கு நடுவே, தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரச் சரிவில் நிற்கிறது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வார இறுதிகளில் பேரப்பிள்ளைகளோடு வந்து தங்குவதற்காகக் கட்டிக்கொண்டது. அகலம் 12 அடி, நீளம் 16 அடி. முன்னால் நான்கடிக்கு ஒரு திண்ணை, உள்ளே ஒரே அறை, மேலே பரண். அவசரமில்லை, மெல்லச் சுற்றிப் பார்க்கலாம் வாருங்கள்.

முதலில் தரையிலிருந்து தொடங்குவோம். ஒரு மூலையில் அளவு நாடாவை வைத்து எதிர்மூலைக்கு இழுத்துப் பாருங்கள்: 20 அடி. கூடவுமில்லை, குறையவுமில்லை. மற்ற இரண்டு மூலைகளுக்கும் இழுங்கள்: அதே 20. மூன்று, நான்கு, ஐந்து என்ற பழைய செங்கோண முக்கோணத்தை நான்கு மடங்காக்கினால் 12, 16, 20. மூலைமட்டம் என்ற கருவியே கையில் இல்லாவிட்டாலும், மூன்று ஆணியும் ஒரு நூலும் இருந்தால் இந்த வீட்டின் நான்கு மூலைகளையும் பிசகில்லாமல் நிறுத்திவிடலாம். கணக்குப் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்த ஒரு தேற்றம், இங்கே நாம் கால் வைத்து நடக்கும் தரையாக விரிந்து கிடக்கிறது. இதைக் கண்டதும் எனக்கு உண்டான பூரிப்பைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி முற்றத்தில் இறங்கி நின்று முக்கோண முகப்பைப் பார்ப்போம். சுவர்கள் தளத்திலிருந்து பத்தடி எழுகின்றன. அதற்கு மேல் கூரை இரு பக்கமும் 45 பாகையில் சாய்கிறது. அந்தச் சாய்வுக்கு முகடு எப்போதும் அகலத்தின் பாதி அளவே எழும். ஆக 12 அகலத்துக்கு 6 உயரம். பத்தும் ஆறும் சேர்ந்து முகட்டு உயரம் 16. வீட்டின் நீளமும் 16. கண்ணுக்கு ஏன் அந்த முகப்பு இத்தனை அமைதியாகத் தெரிகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நெடுக வளர்ந்த ஒடிசல் தோற்றமும் இல்லை, தரையோடு அமுங்கிய கனத்த தோற்றமும் இல்லை. மெராந்திப் பலகையின் செம்பழுப்பு வெயிலில் வெளிறி, மழையில் கறுத்து, இப்போது தேனும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்துக்கு வந்திருக்கிறது. சாய்கூரையின் கூர்மைக்கு அந்த மங்கல் நிறம் ஒரு மென்மையைத் தருகிறது.

கட்டிய ஆசாரி, ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் மரவேலை பார்த்தவர். அகலத்தைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், வெற்றிலையைக்கூட ஓரமாக வைத்துவிடுவார்.

"அண்ணே, பதினாலு வச்சிருந்தா என்ன?"

"வைக்கலாம் தம்பி, யாரு வேணாம்னது? நடுவுல ஒரு கால் கேக்கும். கால் வச்சா கீழ நாலு பேரு பாய் விரிச்சுப் படுக்க முடியாது. வைக்காட்டி மேல நடக்கறவன் கீழ உள்ளவன் தூக்கத்தைக் கெடுப்பான்."

அந்தப் பேச்சில் பொதிந்திருக்கும் அறிவை அண்ணாந்து பார்த்தால் தெரியும். பரணின் தளத்தைத் தாங்குகிற சட்டங்கள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே தாவலில் போகின்றன. இடையில் தூண் கிடையாது. இரண்டங்குலத் தடிப்புச் சட்டத்துக்குப் பழைய தச்சர் கணக்கு ஒன்று உண்டு: தாவும் தூரத்தை அடியில் எடுத்துப் பாதியாக்கி இரண்டைக் கூட்டு, வருவது சட்டத்தின் உயரம், அங்குலத்தில். 12க்கு 8. இங்கே கிடப்பதும் இரண்டுக்கு எட்டுச் சட்டங்கள்தான், கெம்பாஸ் மரம். மரக்கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிற நீளம், கிடைக்கிற பருமன். தூரத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? தொய்வு, தூரத்தின் நான்காம் மடியாக ஏறும். அதே சட்டத்தை, அடிக்கு அதே பாரத்தோடு, பத்தடியிலிருந்து பன்னிரண்டுக்கு நீட்டினாலே தொய்வு இரண்டு மடங்காகிவிடுகிறது. பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் போனால் மூன்று மடங்குக்கும் மேல். துணி காயப்போட்ட கொடிக்கயிறாகிவிடும் தளம். மரம் தன் பலத்தைச் சிரமமின்றிக் காட்டும் எல்லையில் இந்த வீட்டின் அகலம் வந்து நிற்கிறது. சட்டங்களின் கீழ்விளிம்பை லேசாக இழைத்து முனை மழித்திருக்கிறார். கையை உயர்த்தித் தடவினால் எங்கும் சிராய் குத்தாது.

கைமரங்களைப் பாருங்கள், இன்னும் இனிக்கும். பாதி அகலம் ஆறடி, சுவரைத் தாண்டி நீளும் இறப்பு இரண்டரை அடி, ஆக எட்டரை. 45 பாகைச் சாய்வில் எட்டரை அடிக்குச் சாய்வு நீளம் எவ்வளவு? பன்னிரண்டு, மிச்சம் ஒரு நூலளவுதான். அப்படியானால் குறுக்கே போகும் சட்டமும் 12 அடி, சாய்ந்து இறங்கும் கைமரமும் 12 அடி, அதன்மேல் முகட்டிலிருந்து இறப்பு வரை ஒட்டில்லாமல் ஓடுகிற தகரமும் 12 அடி. மரக்கடையில் ஒரே நீளத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். வேலை முடிந்த அன்று மூலையில் குவிந்த துண்டு மரங்கள் ஒரு சாக்குக்குள் அடங்கிவிட்டனவாம். அகலம் பதிமூன்றாக இருந்திருந்தால் ஒவ்வொரு கைமரத்துக்கும் பதினான்கடிக் கட்டை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றே கால் அடிக்கு மேல் வெட்டி எறிய வேண்டியிருக்கும். தூண்களுக்குப் போட்ட செங்காலும் சட்டங்களுக்குப் போட்ட கெம்பாஸும் வளரப் பல தலைமுறை எடுக்கும் மரங்கள். அவற்றில் வீண் போகாமல் அமைந்த அளவுக்கு ஓர் ஒழுக்கத்தின் அழகும் சேர்ந்துவிடுகிறது.

அந்த இரண்டரை அடி இறப்பை ஒரு மாலை மழையில் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் இருட்டிக்கொண்டு வரும் இடிமழை இங்கே நேராகப் பெய்வது குறைவு, சாய்ந்துதான் அடிக்கும். செங்குத்தான கூரையில் தண்ணீர் தங்காமல் வழிந்து, சுவரை விட்டு எட்டி, சரளைக் கற்கள் பரப்பிய ஓடையில் ஒரே நேர்கோடாக விழும். பலகைச் சுவரின் கீழ்ப்பகுதியில்தான் ஈரக்கோடு தெரியும். தரை மட்டத்திலிருந்து இரண்டடி உயரத்தில் சிமெண்டு அடிக்கால்களின்மேல் வீடு நிற்பதால், தெறிக்கும் சேறும் பலகையைத் தொடுவதில்லை.

இப்போது உள்ளே வாருங்கள். வெளியே 12 என்றோம், உள்ளே அளந்தால் 11. எங்கே போனது அந்த ஓரடி? தூண்கள் நாலுக்கு நாலங்குலச் செங்கால். வெளிப்பக்கம் ஓரங்குலப் பலகை, உள்பக்கம் ஓரங்குலப் பலகை. சுவர் ஒன்றுக்கு ஆறங்குலம், இரண்டு சுவருக்கு ஓரடி. இதில் என்ன நயம் என்கிறீர்களா? மனையடி சாஸ்திரம் அளவைச் சுவருக்குச் சுவர் உள்ளளவாகத்தான் பார்க்கும். பஞ்சாங்கங்களில் அச்சாகும் அட்டவணையில் 10, 11, 16, 17 அடிகளுக்கு நற்பலன். 12 முதல் 15 வரை ஆகாது. மரத்துக்குப் பிடித்த எண் 12. சாஸ்திரத்துக்கு 12 ஆகாது, 11 ஆகும். இரண்டு பேரையும் மனம் கோணாமல் அனுப்பிவைக்கிறது ஆறங்குலச் சுவர். எனக்கு அந்த அட்டவணையில் பெரிய நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரரின் மனைவிக்கு உண்டு. ஆசாரிக்கு உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அவர் சொல்லவும் மாட்டார். ஆனால் திண்ணைக்கு நான்கடி விட்டு, மீதிப் பன்னிரண்டில் அறையை நிறுத்தியிருக்கிறார். ஆகவே நீளவாட்டிலும் உள்ளளவு 11. பதினொன்றுக்குப் பதினொன்று, சச்சதுரம்.

அந்தச் சதுரத்தில் நிற்கும்போது உடம்பு ஓர் இணக்கத்தை உணர்கிறது. அதற்குக் காரணம் தேடினால் மலாய் மரபு கை கொடுக்கிறது. மலாய்க்காரர்களின் பழைய மரவீட்டில் வீட்டுத் தலைவியின் டெபாதான், அதாவது இரு கைகளையும் விரித்தால் வருகிற நீளம்தான், அளவுகோல். மனிதருக்குக் கைவிரிப்பு ஏறத்தாழ அவரவர் உயரம். ஐந்தரை அடி ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை விரித்தால் பதினோரடி நிறைந்துவிடும். பேரப்பிள்ளைகளில் மூத்தவர்கள் இருவர் இதை விளையாட்டாகச் செய்து காட்டினார்கள். ஒருவன் விரல்நுனி இடது சுவரில், மற்றவள் விரல்நுனி வலது சுவரில், நடுவில் இரு கைகளும் தொட்டும் தொடாமலும். இரண்டு மனிதர்கள் அளவில் ஒரு வீடு! இதைவிடக் கனிவான அளவுகோலை நான் அறியேன்.

உலகத்தில் வேறு சிலரும் இந்தப் பன்னிரண்டைச் சுற்றி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எழுத்தாளர் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் தன் கையால் கட்டிக்கொண்ட மரக்குடில் 10 அடி அகலம், 15 அடி நீளம், எட்டடித் தூண்கள், மேலே பரண். செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கணக்கெழுதி வைத்தவர் அவர். தனி மனிதனுக்குப் பத்தடி தாராளம். சண்டிகரை வடிவமைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1952இல், கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே தமக்கென்று தென்பிரான்சின் கடலோரத்தில் ஒரு மரக்குடில் எழுப்பினார்: 366 சென்டிமீட்டர் சதுரம், 226 உயரம். 366 என்பது கிட்டத்தட்டப் பன்னிரண்டடி. ஒரு நகரத்தையே வரைந்த கை, தனக்கென்று கேட்ட அகலம் அது. உலு யாம் ஆசாரிக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் பரண் சட்டத்துக்கு அடியில் ஏழே கால் அடி விட்டிருக்கிறார், கொர்பூசியேவின் உயரத்துக்கு இரண்டங்குலம்தான் குறைவு.

பரணுக்கு ஏறுமுன் படிக்கட்டின் அருகே கொஞ்சம் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் வீட்டின் உச்சமான நுட்பம் இதுதான். பரண், திண்ணையின் மேலும் அறையின் முன்பாதியின் மேலும் பத்தடி நீளத்துக்குப் பரவுகிறது. பின்னால் உள்ள ஆறடி முகடு வரை திறந்த வெளி. அந்த வெளியில், பரணின் விளிம்பை ஒட்டி, வீட்டின் அகலவாட்டில் படி ஏறுகிறது. பக்கச் சுவரில் தொடங்குகிறது. ஐந்தரை அடி நடந்து எட்டடி உயர்ந்து முடிகிறது. ஐந்தரை என்பது உள்ளகலத்தின் சரிபாதி. ஆகவே கடைசிப் படியில் கால் வைக்கும்போது உங்கள் தலை முகட்டுக்கு நேர் கீழே, கூரை மிக உயர்ந்த இடத்தில் இருக்கும். பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்தால் பரண். பல பரண் வீடுகளில் படி சுவரோரமாகவே ஏறி முடியும். ஏறியவர் குனிந்து, தவழ்ந்து, சாய்கூரையில் நெற்றியை இடித்துக்கொண்டுதான் உள்ளே போவார். இங்கே அரசரைப் போல நிமிர்ந்தபடி வந்து சேரலாம். ஏறும் செங்குத்து கொஞ்சம் அதிகம், உண்மைதான். கைப்பிடி வேண்டும், இறங்கும்போது முகத்தைப் படிப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் கீழேதான் படுக்கிறார்.

படிப்பலகைகள் மட்டும் கித்தா மரம், அதாவது ரப்பர். ஆயுளெல்லாம் பால் வெட்டிய மரத்தின்மேல் கால் வைத்து ஏறுவதா என்று வீட்டுக்காரர் முதலில் தயங்கினாராம். பால் வற்றிய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது கிடைக்கும் பலகை இது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும் என்பதால் மருந்தேற்றி உலர்த்திய பிறகே பயன்படும். வெட்டுப்பட்ட அடிமரம் குட்டையானது. பன்னிரண்டடிச் சட்டம் அதில் கிடைக்காது. இரண்டரை அடிப் படிப்பலகைக்கோ அது வஞ்சகமில்லாமல் பொருந்துகிறது. வெளிர் தயிர் நிறம், நெருக்கமான இழை. பக்கத்துக் கெம்பாஸின் செம்மையோடு அது ஒளிர்வதைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள்.

மேலே வந்துவிட்டோம். இரு பக்கமும் இரண்டடிக் குட்டைச் சுவர், அதிலிருந்து கூரை எழும்பி நடுவில் ஏழரை அடி. ஆறடி ஆள் தலை தட்டாமல் நடக்க நடுவில் மூன்றடி அகலப் பாதை கிடைக்கிறது. இதே சாய்வுக்கு வீட்டை இரண்டடி குறுக்கியிருந்தால் பாதை ஓரடியாகியிருக்கும், ஒற்றைக் கம்பியில் நடக்கிற வித்தைதான். பாதைக்கு இரு மருங்கிலும் மெத்தைகள் கிடக்கின்றன. படுக்கும் இடத்தில் உயரம் தேவையில்லையே! நிற்குமிடத்தில் உயரம், நடக்குமிடத்தில் அகலம், படுக்குமிடத்தில் தாழ்வு என்று கூரையின் சரிவே இடத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. தலையணையில் சாய்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மெராந்தியின் இழைகள். முகப்பின் சாளரத்தைத் திறந்தால் மலை.

இந்தக் குட்டைச் சுவர் ஒரு செல்லப் பிள்ளை. பரணுக்கு உயிர் கொடுப்பது அதுதான், தொல்லை கொடுப்பதும் அதுதான். கூரையின் பாரம் கைமரங்கள் வழியாக இறங்கிச் சுவர்த் தலையை வெளிப்பக்கம் உதைக்கும். பரண் தளம் சுவர்த்தலையிலேயே இருந்தால் சட்டங்களே இரு சுவர்களையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இங்கே தளம் இரண்டடி கீழே இருக்கிறது. அதற்காக ஆசாரி முகட்டு வளையைத் தூண்களின்மேல் ஏற்றியிருக்கிறார்: முன்முகப்பில் ஒன்று, பின்முகப்பில் ஒன்று, பரண் விளிம்பின் விட்டத்தில் ஒன்று. முகட்டின் பாரத்தைத் தூண்கள் வாங்கிக்கொள்வதால் கைமரம் சுவரை உதைப்பதில்லை. நடுத்தூணுக்குச் செங்கால். ஆள் பிடித்துத் திரும்பும் உயரத்தில் அதன் நான்கு முனைகளையும் உருட்டியிருக்கிறார். படியேறி வரும் ஒவ்வொரு கையும் அங்கே பட்டுப்பட்டு அந்த இடம் மட்டும் மெருகேறிக் கறுத்திருக்கிறது.

வெக்கையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தகரக் கூரைக்கு அடியில் பகல் இரண்டு மணிக்குப் பரணில் யாரும் இருக்க மாட்டார்கள். பின்முகப்பின் உச்சியில் மரச்சட்டக் காற்றுவழி இருக்கிறது. பின்புறத் திறந்த வெளி வழியே சூடு மேலேறி அதில் வெளியேறும். மலைக்காற்று இறங்கும் இரவில் அதே வழியாகக் குளிர் வந்து போர்வை கேட்கும். கோல சிலாங்கூரின் சமவெளித் தோட்டங்களில் இதே வீட்டைக் கட்டினால் அந்தக் காற்றுவழியை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

பேரப்பிள்ளைகள் பெருகுகிறார்கள், தனிச் சமையற்கட்டு ஒன்று வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மகன் அகலத்தில் நான்கடி தள்ளலாம் என்கிறார். ஆசாரி மறுத்துவிட்டார். மலாய் வீடுகள் வளரும் முறை அவருக்குத் தெரியும்: தாய்வீட்டின் உடம்பைத் தொடாமல், பின்னால் ஓர் இணைப்பு வைத்துச் சமையற்கட்டைச் சேர்ப்பார்கள். பன்னிரண்டு அகலம் பன்னிரண்டாகவே நிற்க, பின்புறம் எட்டடி நீளம் கூடும். கூரையை ஒரே சரிவாகத் தாழ்த்திப் போடப் போகிறார்கள். பின்முகப்பின் காற்றுவழி மறையாதபடி, புதுக்கூரையின் தலை ஒன்பதடிக்கு மேல் ஏறக்கூடாது என்று தூணில் பென்சிலால் இப்போதே கோடு போட்டு வைத்திருக்கிறார்.